தெருவில் ராணுவத்தை நிறுத்த யாரிடம் பணம் கட்டுவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் டீரூம் (தெருமுனை மளிகைக் கடை) நடத்தும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். 2021 ஜூலைக் கலவரத்தில் அவர் கடையை உடைத்து அரிசி மூட்டையிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ராணுவ வண்டி ஒன்று தெருமுனை வழியாகப் போனதாம், ஆனால் நிற்கவில்லையாம். இப்போது ஓய்வுபெற்ற கர்னல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து, வீட்டுக்கு மாதம் 350 ராண்டு, கடைக்கு 900 ராண்டு என்று தெருவே சேர்ந்து கட்டினால், அடுத்த முறை கலவரம் வந்ததும் ‘ஆர்மியோ நேவியோ’ ஆள் இறக்கித் தருகிறேன் என்கிறாராம். போதாததற்கு, அம்மாவின் பேரனுக்கு நேவியில் இடம் வாங்கித் தர 8,000 ராண்டு தனியாகக் கேட்கிறாராம். தெருவில் பாதிப் பேர் சம்மதித்துவிட்டார்கள். கட்டலாமா, அப்படியே ராணுவம் வந்தால் வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுவார்களா, இதுதான் அவர் கவலை.

அம்மா, ஒரு சென்ட் கூடக் கட்டாதீர்கள். கட்டியவர்கள் ரசீதை வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய் மோசடிப் புகார் கொடுக்கட்டும், ரசீது கொடுக்கவில்லை என்றால் வாட்ஸ்அப் செய்தியே போதும், அதை அழித்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நம் அரசியல் சாசனத்தின் 201ஆம் பிரிவு இந்த விஷயத்தில் சுற்றிவளைக்காமல் பேசுகிறது. போலீசுக்குத் துணையாக ராணுவத்தைத் தெருவில் இறக்க அதிபர் ஒருவர்தான் உத்தரவு போட முடியும். மாநில முதல்வரால் முடியாது, மேயரால் முடியாது, உங்கள் போலீஸ் நிலையத் தலைவரால் முடியாது, பணியில் இருக்கும் ஜெனரலே ஆசைப்பட்டாலும் முடியாது. அதிபர் அப்படி உத்தரவு போட்டால் எதற்காக, எந்த இடத்தில், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அரசிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். ஓய்வுபெற்ற கர்னலுக்கு இதில் எந்த இடத்தில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்?

2021இல் நடந்ததையே நினைத்துப் பாருங்கள். ஜூலை 7 இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனார். அதை எதிர்த்து 9ஆம் தேதி வாக்கில் சாலைகளில் லாரிகள் எரியத் தொடங்கின. ராணுவத்தை இறக்குகிறோம் என்று அறிவிப்பு வந்தது 12ஆம் தேதி. முதலில் 2,500 பேர், நிலைமை கைமீறிப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் 25,000 பேர் வரை என்று ஆனது. நாட்டின் முப்படைத் தளபதியான அதிபருக்கே அத்தனை நாள் பிடித்தது, அதற்குள் உங்கள் கடை போய்விட்டது, டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் உயிர்களே போயின. மொத்தம் 350 பேருக்கு மேல் இறந்த அந்தக் கலவரத்தில் அரசாங்கமே பிந்தி வந்தது என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தையும் பயத்தையும்தான் இந்த மாதிரி ஆட்கள் வீடு வீடாக வந்து காசாக்குகிறார்கள்.

சரி, ‘ஆர்மியோ நேவியோ’ என்றாரே, அதைப் பார்ப்போம். நம் தேசியப் பாதுகாப்புப் படையில் நான்கு பிரிவுகள்: தரைப்படை, விமானப்படை, கடற்படை, அப்புறம் ராணுவ மருத்துவப் படை. மற்ற நாடுகள் பலவற்றில் மருத்துவம் ஏதாவது ஒரு படைக்குள் அடங்கியிருக்கும், இங்கே அது தனிப் பிரிவு. கலவரம் என்று உங்கள் தெருவுக்கு வருவது ஏறக்குறைய எப்போதுமே தரைப்படையின் காலாட்படைதான், அதில் வேலைநாளில் கடையிலும் ஆபீசிலும் இருந்துவிட்டு அழைத்தால் சீருடை போடும் ரிசர்வ் ஆட்களும் இருப்பார்கள். கடற்படை டர்பனில் சாலிஸ்பரி ஐலண்டில் இருக்கிறது, கப்பல், துறைமுகம், கடற்கரை ஓரம் அவர்கள் வேலை. நம் ஆட்களுக்கு அந்தத் தீவு புதிதில்லை, 1975இல் இந்தியர்களுக்கென்று ‘ஜல்சேனா’ என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் அங்கேதான் திறந்தார்கள், உங்கள் தெருவிலேயே யாராவது தாத்தா அங்கே பயிற்சி எடுத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். பதவிப் பெயரை வைத்தும் ஏமாறாதீர்கள், கடற்படையில் கேப்டன் என்றால் தரைப்படையில் கர்னலுக்குச் சமம், தரைப்படையில் கேப்டன் அதைவிட மூன்று படி கீழே. எந்தப் பதவியில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஓய்வு பெற்றவர் கையில் படை கிடையாது.

உண்மையில் ஆர்மியா நேவியா என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் முன்னால் நிற்பவர் சிப்பாயா, தேசிய போலீசா, நகராட்சியின் மெட்ரோ போலீசா, தனியார் காவலரா என்பதுதான் பொருட்டு. ஏனென்றால் ஏதாவது தப்பு நடந்தால் நீங்கள் போய் நிற்க வேண்டிய கதவு அதைப் பொறுத்து மாறும். வண்ணத்திட்டு உடையைப் பார்த்ததும் ராணுவம் என்று நினைத்துவிடாதீர்கள், போலீசின் சிறப்புப் பிரிவிலும் அப்படி உடுத்துகிறவர்கள் உண்டு. தோளில், மார்பில் என்ன எழுதியிருக்கிறது, வண்டியின் நம்பர் பிளேட் என்ன, இந்த இரண்டையும் பார்த்து எழுதி வையுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் அந்த ஆள் அதையே எடுத்துக்காட்டி உங்களைக் குழப்புவார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ராணுவம் வந்ததே, அதற்கு அதிபர் கலவர உத்தரவு போட்டாரா என்று கேட்பார். இல்லை, அது வேறு வாசல். 2002ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் 18ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி உயிரையும் உடைமையையும் காக்கும் அவசர உதவிக்கும் நிவாரணத்துக்கும், தண்ணீர் மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவை நிற்காமல் இருக்கவும், ஏதாவது அரசுத் துறைக்குத் துணையாகவும், நாட்டு எல்லையைக் காக்கவும், அதிபர் மட்டுமில்லாமல் பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத்தை அனுப்பலாம். அந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 10,000 பேரை அனுப்புவதாக அறிவித்தார்கள், ஹெலிகாப்டர், தண்ணீர் சுத்திகரிப்பு, உடைந்த பாலத்தைச் சரிசெய்யும் பொறியாளர்கள், மருத்துவப் படை என்று வந்தார்கள். ராணுவத்துக்குள்ளேயே இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: பேரிடர் உதவிக்கு ஆபரேஷன் சாரியட், போலீசுக்குத் துணைக்கு ஆபரேஷன் பிராஸ்பர், எல்லைக் காவலுக்கு ஆபரேஷன் கொரோனா. இந்தக் கொரோனாவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை, நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே வைத்த பெயர். ஆகவே வெள்ளத்தில் தண்ணீர் டேங்கரோடு வந்த சிப்பாயும் கலவரத்தில் துப்பாக்கியோடு வந்த சிப்பாயும் ஒரே படையாக இருக்கலாம், ஒரே பட்டாலியனாகக்கூட இருக்கலாம், ஆனால் வந்த காரியம் வேறு, அனுமதி வந்த வழி வேறு. இரண்டு வழியிலும் தெருக்கமிட்டி பணம் கட்டி வரவழைக்கும் வழி கிடையாது. வெள்ளத்துக்கு அமைச்சர் அனுப்பலாம் என்பதைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்கு அமைச்சர் அலுவலகத்தில் ஆள் இருக்கிறது’ என்று ஒருவர் என்னிடம் வழக்குக்கு வந்தவரிடம் உண்மையாகவே காசு வாங்கியிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்து, வீட்டுக்குள் வருவார்களா? போலீசுக்குத் துணையாக இறங்கிய சிப்பாய்க்குப் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரம்தான், அதற்கு மேல் ஒரு இம்மியும் இல்லை. நிறுத்தலாம், சோதிக்கலாம், கைது செய்யலாம். ஆனால் வழக்கைத் துப்புத் துலக்குவது அவர் வேலை இல்லை, பிடித்தவரைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்துவது என்ற விதியும் அப்படியே இருக்கிறது. வீட்டைச் சோதிக்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும். இங்கே நம் ஆட்கள் விழும் குழி ஒன்று உண்டு. கதவைத் தட்டி ‘உள்ளே பார்க்கலாமா’ என்று மரியாதையாகக் கேட்பார்கள், நாமும் வந்தவர்களை வாசலில் நிறுத்தக்கூடாது என்ற வளர்ப்பில் ‘வாங்க’ என்றுவிடுவோம். அந்த ‘வாங்க’தான் சம்மதம். அதற்குப் பிறகு வாரண்ட் எங்கே என்று கேட்டுப் பயனில்லை. ‘வாரண்ட் இருக்கிறதா’ என்று முதலிலேயே பணிவாகக் கேளுங்கள். முன்பெல்லாம் ஒரு பகுதியையே வளைத்துக்கொண்டு வாரண்ட் இல்லாமல் வீடு வீடாகத் தேடும் ஒரு வழி போலீஸ் சட்டத்தில் இருந்தது, ஜோஹன்னஸ்பர்க் நடுநகரில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை வீடுகளுக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் உள்ளே வந்தே தீருவேன் என்று நிற்கும் ஆயுதக்காரரைக் கையால் தடுக்காதீர்கள் அம்மா. ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், மீதியைச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடித்தால், பொருளை உடைத்தால் என்ன செய்வது? சிப்பாய் என்றால் முதலில் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துக் கேஸ் நம்பர் வாங்குங்கள், ‘இது ராணுவ விஷயம், அங்கே போங்கள்’ என்பார்கள், நகராதீர்கள். பிறகு ராணுவத்தின் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ராணுவ ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதுங்கள், பொதுமக்களும் எழுதலாம், கட்டணம் இல்லை. போலீசும் மெட்ரோ போலீசும் அடித்திருந்தால் அது இபிட் என்ற தனிப் புலனாய்வு அமைப்புக்குப் போகும், ஆம்புட்ஸ்மேனுக்கு இல்லை. 2020 ஊரடங்கில் அலெக்சாண்ட்ராவில் சிப்பாய்கள் தாக்கியதாகச் சொல்லப்பட்டு ஒருவர் இறந்தார். குடும்பம் நீதிமன்றம் போனது, நீதிபதி ஃபாப்ரிசியஸ் மே மாதமே கடுமையான தீர்ப்புக் கொடுத்தார். அதன் பிறகும் ராணுவத்தின் உள்விசாரணை தங்கள் ஆட்கள் மேல் பொறுப்பு இல்லை என்றது, ஆனால் ஆகஸ்டில் ஆம்புட்ஸ்மேன் அந்தச் சிப்பாய்கள் முறைதவறி நடந்தார்கள் என்று அறிக்கை தந்தார். உள்விசாரணையை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது.

நஷ்ட ஈடு கேட்பதாக இருந்தால் ஒரு தேதியை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம். சிப்பாய் என்றால் பாதுகாப்புத் துறையின் தலைமை அதிகாரிக்கு, போலீஸ் என்றால் தேசியப் போலீஸ் ஆணையருக்கும் மாநில ஆணையருக்கும், மெட்ரோ போலீஸ் என்றால் டர்பனின் எதேக்வினி நகராட்சி மேலாளருக்கு. ஆளை மாற்றி அனுப்பினால் அவர்கள் ‘எங்களுக்கு இல்லை’ என்று சொல்லக்கூட அவசரப்பட மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஐந்து மாதம் நடந்தது, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கையெழுத்து, புதிதாக ஒரு சான்றிட்ட நகல். கடைசியில் கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நானே நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். அடிபட்டவனே தன்னை அடித்தவன் எந்த இலாகா என்று கண்டுபிடித்துத் தர வேண்டும் என்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் அந்தச் சீருடையைப் பாருங்கள், வண்டி எண்ணை எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காவல் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனமும் அதன் ஒவ்வொரு காவலரும் பிசிரா என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆணையத்திடம் சரிபாருங்கள். அந்தக் கர்னல் பதிவு இல்லாமல் காவல் வேலைக்குக் காசு வாங்கினாலே அது குற்றம். அவருடைய ஆட்கள் ராணுவச் சீருடை போட்டு வந்தால் அது இன்னொரு குற்றம், நாட்டில் சட்டப்படியான ராணுவம் ஒன்றே ஒன்றுதான் என்று சாசனமே சொல்கிறது, பழைய போராளிகள், முன்னாள் வீரர்கள் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதில் சேராது. அந்த 900 ராண்டை எடுத்துக்கொண்டு உங்கள் கடை இன்ஷூரன்ஸ் தாளைத் திறந்து சாஸ்ரியா என்று ஒரு வரி எழுதியிருக்கிறதா பாருங்கள். கலவரச் சேதத்துக்கு இந்த நாட்டில் ஈடு தருவது அரசின் காப்பீட்டு நிறுவனமான சாஸ்ரியா ஒன்றுதான், சாதாரண பாலிசி தராது. 2021க்காக அவர்கள் 30 பில்லியன் ராண்டுக்கு மேல் கொடுத்தார்கள், பாலிசியில் சாஸ்ரியா இல்லாத டீரூம்காரர்களுக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை.

பேரன் விஷயம். 1994க்குப் பிறகு கட்டாயச் சேவை இல்லை, இளைஞர்கள் விரும்பிச் சேர்வது எம்எஸ்டிஎஸ் என்ற இரண்டு வருடத் திட்டத்தில். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்திருக்க வேண்டும், வயது 18இலிருந்து 22, பட்டதாரி என்றால் 26 வரை. எந்தப் படைக்கு என்று அவனே எழுதி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆட்சேர்ப்பு அறிவிப்பு வரும்போது படையின் சொந்த இணையதளத்தில் படிவத்தை எடுக்கச் சொல்லுங்கள், மெட்ரிக் சான்றிதழின் சான்றிட்ட நகலை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அசலை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.