தொட்டியில் கருகிய பொடுதலை

கேள்வி: அக்கா, சிறுவயதில் குளக்கரையில் பார்த்த பொடுதலை மேல் எனக்குத் தனி ஆசை. ஊருக்குப் போனபோது மண்ணோடு பெயர்த்து வந்து சிமென்ட் தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் கருகிவிட்டது. நர்சரியில் கேட்டால், "களையை யார் சார் விற்பார்கள்?" என்று சிரிக்கிறார்கள். பூவோடு வளர்க்க வழி உண்டா?
- வாசகர், தாம்பரம்

பதில்: தம்பி, தொட்டியில் வைத்தீர்களே, அதுதான் வினை. பொடுதலை படுத்து ஓடுகிற செடி. ஓட ஓடக் கணுவுக்குக் கணு மண்ணில் வேர் இறக்கி, ஆங்காங்கே தண்ணீர் குடித்துக்கொள்ளும். தொட்டியில் கொடி விளிம்பைத் தாண்டித் தொங்கிவிடும். அந்தரத்தில் தொங்குகிற கணு எங்கே வேர் விடும்? நடுவில் இருக்கும் ஒரு பிடி வேர்தான் மொத்தக் கொடிக்கும் தண்ணீர் அனுப்ப வேண்டும். சிமென்ட் சுடுகிற சூட்டுக்கு அது எந்த மூலைக்கு?

நானும் ஒரு தப்புச் செய்தவள்தான். ஈரம் பிடிக்கும் செடியாயிற்றே என்று மாமரத்து நிழலில் வைத்தேன். மூன்று மாதம் கொடி நீண்டதே தவிர, பெயருக்கு ஒரு பூ இல்லை. குளக்கரையை நினைத்துப் பாருங்கள்: காலடியில் சேறு, தலைக்கு மேல் மொட்டை வெயில். இரண்டும் வேண்டும். அப்புறம் கொல்லையில் துவைக்கிற கல்லிலிருந்து கடைசி அலசல் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தேன். இப்போது அங்கே மண்ணே தெரியவில்லை.

உங்கள் வீட்டில் ஏசி தண்ணீர் சொட்டுகிற, வெயில் விழுகிற தரை ஒரு முழம் இருந்தாலும் போதும். ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்தில் கொடிகளை வெட்டிக்கொள்ளுங்கள். சாக்கடையோரம் எடுக்க வேண்டாம். நாளைக்குத் துவையல் அரைக்கத் தோன்றும். கொடியை நட்டமாக நடாமல் ஈர மண்ணில் படுக்கவைத்து, இரண்டு மூன்று கணுக்களை விரலால் அழுத்தி, மேலே ஒரு பிடி வண்டல் தூவுங்கள். இரண்டு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் வேர் பிடித்துவிட்டது.

பூவை முட்டிபோட்டுத்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சித் தலையை விடக் கொஞ்சம் பெரிய, கருஞ்சிவப்பு மொட்டுக் குவியல்; அதைச் சுற்றி வளையமாகக் குட்டி வெள்ளைப் பூக்கள், தொண்டையில் துளி மஞ்சள். வளையம் கீழிருந்து மேலே ஏற ஏற, தலை நீண்டு திப்பிலி மாதிரி ஆகிவிடும். சமஸ்கிருதத்தில் இதற்கு ஜலபிப்பலி, அதாவது நீர்த்திப்பிலி என்று பெயர் வைத்தவர் முட்டிபோட்டுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பூத்த பிறகு அதன்மேல் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தேனீ மொய்க்கும், என் பேரன் கடி வாங்கியிருக்கிறான். இலையில் முள்முள்ளாய்க் கறுத்த புழு இருந்தால் வேப்பெண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இறக்கையில் மயில்கண் உள்ள செம்மஞ்சள் பட்டாம்பூச்சி இதில் முட்டையிடும். நாலு இலை போனால் போகட்டும்.

கேள்வி: பொடுதலையையும் வல்லாரையையும் ஒரே பாத்தியில் வளர்க்கலாமா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: ஈரம் இரண்டுக்கும் பொது, வெயிலில்தான் சண்டை. வல்லாரைக்கு அரை நிழல் இருந்தால் இலை பெரிதாக வரும். பாத்தியின் சுவரோர நிழலை அதற்குக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு வரிசை ஓட்டுச்சில்லு பதித்துவிடுங்கள். பொடுதலை அதையும் தாண்டும். தாண்டியதைக் கிள்ளித் துவையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.