புளூட்டோவுக்கு என்ன கலர்?

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காகப் புளூட்டோ, அதன் நிலா சாரோன், ஈரிஸ், செட்னா என்று தூரத்துப் பனி உலகங்களை வரிசையாக வரைகிறாள். புளூட்டோ பெரிதா, ஈரிஸ் பெரிதா? இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறார்கள். நிறம் அதைவிட மோசம். ஒரே புளூட்டோ ஒரு படத்தில் பழுப்பு, இன்னொன்றில் நீலமும் ஆரஞ்சும். எல்லாமே கம்ப்யூட்டரில் செய்கிற ஏமாற்று வேலைதானோ? புளூட்டோவைக் கோள் இல்லை என்று தள்ளியது சரியா? நாங்கள் சயின்ஸ் படித்தவர்கள் இல்லை, எளிமையாகச் சொல்லவும்.

ச.

அன்புள்ள ச.,

கோளா இல்லையா என்ற பஞ்சாயத்தில் எனக்கு 2006லேயே ஆர்வம் போய்விட்டது, விடுங்கள். அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். புளூட்டோவின் குறுக்களவு 2,377 கி.மீ., ஈரிஸ் 2,326. புளூட்டோதான் பெரிது, ஆனால் நிறையில் ஈரிஸ் அதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல். 2005ல் ஈரிஸை அறிவித்தபோது அது வெறும் ஒளிப்புள்ளி. இருட்டில் தூரத்தில் தெரிகிற வெள்ளைக் கைக்குட்டையும் அழுக்குப் போர்வையும் ஒரே அளவு வெளிச்சம் காட்டலாம் இல்லையா, அந்தக் குழப்பத்தில்தான் அதைப் புளூட்டோவைவிடப் பெரிது என்று நினைத்தார்கள். 2010 நவம்பரில் ஈரிஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போனது. சிலி நாட்டிலிருந்து பார்த்தவர்கள் அந்த விண்மீன் எத்தனை விநாடி மறைந்தது என்பதை வைத்துக் கணக்கிட்டபோது உண்மை தெரிந்தது. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 96 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற, புதுப்பனி மாதிரி வெளுத்த உலகம் அது. நம் நிலா 12 சதவீதம்தான்.

சரி, அந்த 'ஏமாற்று வேலை'. கோபம் வருகிறது, ச. ஏனென்றால் பல வருஷமாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், வேறு காரணத்துக்காக.

எங்கள் வீட்டில் ஆச்சியின் படம் ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குரூப் போட்டோவிலிருந்து ஆச்சியை மட்டும் பெரிதாக்கி, கலர் தீட்டி வாங்கியது. ஸ்டூடியோக்காரர் சேலை என்ன கலர் என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஞாபகமில்லை. "பச்சை நல்லா எடுக்கும்" என்று அவரே அடித்துவிட்டார். முப்பது வருஷமாக எங்கள் எல்லோருக்கும் ஆச்சி என்றால் பச்சைச் சேலை. ஆச்சியை நேரில் பார்த்தே இராத என் தம்பிகூட "பச்சைச் சேலை கட்டிய ஆச்சி" என்பான். அத்தை மட்டும், அது அரக்கு, அந்தச் சேலையை மடித்து வைத்ததே நான்தான் என்று கடைசிவரை சண்டை போட்டாள்.

அந்தப் படம் பொய்யா? மூக்கு ஆச்சியுடையது, காதில் பாம்படம் ஆச்சியுடையது. சேலை ஸ்டூடியோக்காரருடையது.

நீங்கள் பார்த்த படங்களை இப்படித்தான் பிரிக்க வேண்டும். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது அதன் கலர்க் கேமராவில் நீலம், சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்று வடிகட்டிகள் இருந்தன, பச்சைக்கென்று தனியாக ஒன்று கிடையாது. அகச்சிவப்பைத் திரையில் சிவப்பாகவும் சிவப்பைப் பச்சையாகவும் மாற்றிக் காட்டினால் எந்தப் பனி எங்கே கிடக்கிறது என்பது பளிச்சென்று பிரிந்து தெரியும். உங்கள் நீல ஆரஞ்சுப் படம் அதுதான். அளந்த நிறத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள், இல்லாததைச் சேர்க்கவில்லை. நேரில் போய் நின்றால் பால் கூடிப்போன டீ மாதிரி இருக்கும். ஈரிஸ், செட்னா படங்கள் வேறு கதை. அங்கே எந்த விண்கலமும் போனதில்லை. செட்னா நல்ல சிவப்பு என்பது அதன் ஒளியை அளந்ததில் தெரியும், ஆனால் அதன்மேல் வரைந்திருக்கும் பள்ளமும் மேடும் ஸ்டூடியோக்காரரின் பச்சைதான்.

இதையெல்லாம் படத்தை வெளியிடுகிறவர்கள் கீழேயே எழுதித்தான் வைக்கிறார்கள். படம் ஊர் சுற்றும்போது அந்த வரி மட்டும் உதிர்ந்துவிடுகிறது. நெப்டியூனுக்கு நடந்தது தெரியுமா? 1989ல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படத்தில் மேகங்கள் தெரிய வேண்டுமென்று நீலத்தை ஏற்றினார்கள், ஏற்றியிருக்கிறோம் என்று சொல்லவும் செய்தார்கள். அந்த வரி தொலைந்து, 35 வருஷம் பாடப்புத்தகங்களில் நெப்டியூன் கருநீலமாகவே சுற்றியது. 2024ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், அதுவும் கிட்டத்தட்ட யுரேனஸ் மாதிரி வெளிர்ந்த பச்சை நீலம்தான். இதில் ஏமாற்றியது யார், ச.? ஒற்றை வரியைப் படிக்காமல் படத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த நாம்தானே? இன்னொன்று, அந்த 'சயின்ஸ் படித்தவர்கள் இல்லை' என்பதை மகள் காதுபட இன்னொரு தடவை சொல்லாதீர்கள்.

மகளுக்கு: ஈரிஸுக்குக் கலரே வேண்டாம்மா, தாளை அப்படியே விடு. புளூட்டோவுக்கு இளம்பழுப்பு. சாரோன் சாம்பல், அதன் வட துருவத்தில் மட்டும் கொஞ்சம் செம்பழுப்பு. புளூட்டோவிலிருந்து தப்பி வந்த மீத்தேன் அந்தக் குளிரில் உறைந்து, கதிர்கள் பட்டுப்பட்டுச் சிவந்துபோன இடம் அது. செட்னாவுக்குச் செங்கல் நிறம் கொடு. கீழே 'முகத்தை யாரும் பார்த்ததில்லை' என்று எழுதிவிடு. அத்தை போன பிறகு ஆச்சி படத்தின் சட்டத்தைக் கழற்றினேன், அட்டைக்குப் பின்னால் பென்சிலில் 'சேலை அரக்கு' என்று எழுதியிருந்தது.

அப்புறம் அளவு. ஒரு மில்லிமீட்டருக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் சாரோன் 12 மி.மீ., புளூட்டோ 23.8, ஈரிஸ் 23.3. பென்சிலைக் கூராகச் சீவிக்கொள், இல்லாவிட்டால் அந்த அரை மில்லிமீட்டர் கோட்டின் தடிமனிலேயே போய்விடும்.