பேனையால் எழுதிய பெயர்

அன்புள்ள ஐயா,

நான் ஊடகக் கற்கை மாணவி. இறுதியாண்டுக்காக நண்பர்களுடன் 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, கொழும்பில் தனியாக வாழும் ஒரு தாயின் கதை. அடுத்த மாதம் வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபத்தில் திரையிடுகிறோம். போஸ்டரை இணைத்திருக்கிறேன். படப்பிடிப்பில் ஸ்டில் எடுக்க மறந்துவிட்டதால் தாயின் முகத்தை ஏஐயில் செய்தோம். முன்னோட்டம் எத்தனை வினாடி இருக்கலாம்? தலைப்பைச் சிங்களத்திலும் போடலாமா?

சா., தெஹிவளை

அன்புள்ள பிள்ளை,

முன்னோட்டத்துக்கு 30 வினாடி போதும். 12 நிமிடப் படத்துக்கு இரண்டு நிமிடம் வெட்டிக் காட்டினால் மண்டபத்தில் பார்க்க என்ன மிச்சம்? சிங்களத்திலும் போடும். ஆனால் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடும். பெயர்ப்பலகைகளில் தமிழைக் கொல்லும்போது நமக்கு எப்படி எரிகிறது! போஸ்டரின் மேலே வரிசையாக நிற்கும் விருது இலைகளை, விழாவில் வென்றதாகக் காட்டும் அந்த இலைச் சின்னங்களை, எடுத்துவிடும். காசு கட்டினால் மாதாமாதம் கிடைக்கும் இலைகள் அவை.

சரி, அந்த முகம். படத்தில் தாயாக நடித்தவர் யார்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாணவர் படமென்றால் சம்பளமும் இருந்திராது. அவருடைய முகத்தை எடுத்துவிட்டு, உலகத்தில் எங்குமே இல்லாத ஒருத்தியை ஒட்டி வைத்திருக்கிறீர். வெட்கமாக இல்லையா?

போன வாரம் பழைய பெட்டியைக் கிளறியபோது ஒரு நோட்டீஸ் கிடைத்தது. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நாங்கள் 1979இல் போட்ட நாடகம். ஜம்பட்டா வீதிப் பக்கம், காலால் மிதித்து ஓட்டும் அச்சு யந்திரத்தில் 500 அடித்தோம். இடம் போதவில்லை. காவற்காரனாக நடித்த எங்கள் கந்தோர் பியோனின் பெயரை நான்தான் வெட்டினேன். இரண்டே காட்சிதானே என்ற நினைப்பு. அந்த நோட்டீஸ்களைக் காலி வீதி நெடுகக் கொடுக்கும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்தேன், பாரும்!

அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டீஸ் கட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாடகத்தன்று முன்வரிசையில் ஒருவர் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார். அடியில் நீலப் பேனையால் ஒரு பெயர். பக்கத்திலிருந்தவரிடமும் அப்படியே. பேனை படாத ஒன்றைத் தேடி வாசல்வரை போனேன், கிடைக்கவில்லை. இரவிரவாக எழுதியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கவும் தெரியாத வயது. "அண்ணை, நல்ல எழுத்து" என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டு மீசை ஒட்டப் போனார்.

உமக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. படத்தில் உடுத்த அதே சேலையோடு அவரை யன்னலோரம் இருத்தி, பின்னேர வெளிச்சத்தில் எடும். படத்திலிருந்து வெட்டியெடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஏ3 தாளில் துல்லியமாக அச்சாக 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். ஃபுல் எச்டி பிரேம் 1920க்கு 1080தான். (கணக்கு என் மருமகனுடையது, எனக்கு மிதி யந்திரம்தான் தெரியும்.) விழாக்களுக்கு அனுப்பும்போதும் ஸ்டில் கேட்பார்கள்.

புதுப் போஸ்டர் அடித்ததும் எனக்கு ஒன்று அனுப்பும். அவருடைய பெயரைக் கண்ணாடி போடாமல் வாசிக்க முடியவேண்டும்.