படித்தது மறக்கிறது, பட்டது மறக்கவில்லை: ஏன்?

நீண்டகால நினைவு பற்றி நாகர்கோவில் தொடங்கி விளவங்கோடு வரை பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் உளவியல் பாடம் நடத்துகிறவள், மருத்துவர் அல்ல. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

தக்கலையிலிருந்து: டீச்சர், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 1956 நவம்பர் 1-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாற்றை நாலு தடவை வாசித்தேன். ஒரு வாரத்தில் பாதி போய்விட்டது.

வாசித்ததோடு நிறுத்தியதுதான் சிக்கல். வாசிக்க வாசிக்க வரிகள் கண்ணுக்குப் பழகும். பழகியதை மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்ளும். தேர்விலோ புத்தகம் இல்லாமல் எடுத்து எழுத வேண்டும், அதற்கு நீங்கள் பழகவே இல்லை.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எடுக்கும் வேலையே நினைவைக் கெட்டியாக்குகிறது.

அதனால் புத்தகத்தை மூடுங்கள். இணைந்த நான்கு தாலுகாக்கள் எவை என்று எழுதுங்கள்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. மார்ஷல் நேசமணி தலைமையில் மக்கள் ஏன் போராடினார்கள் என்று வீட்டில் யாருக்காவது சொல்லிக் காட்டுங்கள். ‘ஏன்’ என்று கேட்டுப் படித்தது வெறும் தேதியைவிட ஆழமாக இறங்கும். மறுநாள் ஒரு தடவை, அப்புறம் நாலு நாள் விட்டு ஒரு தடவை பாருங்கள். போன பாதி முழுதாகப் போயிருக்காது. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே வைத்து இதை அளந்தார். மறந்ததாகத் தோன்றியதை மறுபடி படிக்க, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆனது.

மார்த்தாண்டத்திலிருந்து: தெரிந்தவர் பெயர் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. நோயா?

இல்லை. முகம், வேலை, ஊர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பெயருக்கு அப்படிப் பிடிமானம் குறைவு. வயதாக ஆக இது கூடும். விட்டுவிடுங்கள், கொஞ்சநேரத்தில் தானே வரும்.

குலசேகரத்திலிருந்து: அப்பாவுக்கு எழுபது வயது. காலையில் யார் வந்தார்கள் என்பது மதியம் நினைவில்லை. ஆனால் ரப்பர் பால்வெட்டக் கத்தியை எடுத்தால் கை தவறவே இல்லை. இது எப்படி?

நினைவு ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல், வலிப்பைக் குறைக்க, மூளையின் இருபுறமும், புது நினைவைப் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாகச் சந்தித்தவர்கள் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைத் தன் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது என்று உலகம் புரிந்துகொண்டது அவரால்தான்.

ஆனால் ‘கை நன்றாக இருக்கிறதே’ என்று இருந்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு.

குளச்சலிலிருந்து: 2004 சுனாமியில் எனக்கு ஆறு வயது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது இன்றும் கண்முன் நிற்கிறது. தூக்கியது மாமா என்கிறாள் அக்கா. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை. உயிர்ப்பயம் நிகழ்வின் மையத்தை ஆழமாகப் பதிக்கும். கடல் ஊருக்குள் வந்தது மறக்காது. யார் தூக்கினார், எந்த வழியாக ஓடினோம் என்பவை வேறு. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மனம் அவற்றைத் திரும்பக் கட்டுகிறது. கட்டும்போது பிறகு கேட்டது, டிவியில் பார்த்தது எல்லாம் சேர்ந்துவிடும்.

1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று நைஸர், ஹார்ஷ் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து மீண்டும் கேட்டால் பலரின் பதில் மாறியிருந்தது. ஆனாலும் சொன்னதில் உறுதியாக இருந்தார்கள். ஆகவே எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை வைத்து உண்மையை முடிவுசெய்ய முடியாது.

கேட்கும் விதமும் நினைவை வளைக்கும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974-இல் விபத்துப் படம் காட்டி, கார்கள் ‘மோதியபோது’ என்று சிலரிடமும் ‘நொறுங்க மோதியபோது’ என்று சிலரிடமும் வேகத்தைக் கேட்டார். இரண்டாமவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

சுனாமியையும் 2017 ஒக்கி புயலையும் கண்டவர்களிடம் கேட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ‘அப்போது என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள், பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். குளச்சல்காரரே, நீங்களும் அக்காவும் மாமாவும், இனியும் இதைப் பேசிக்கொள்ளும் முன், தனித்தனியாக எழுதிப் பாருங்கள். மூன்றிலும் ஒத்துவருவதை ஓரளவு நம்பலாம். ஒத்துவராததற்காகச் சண்டை வேண்டாம்.

தோவாளையிலிருந்து: வல்லாரை சாப்பிட்டால் நினைவு கூடுமா?

கீரையாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். நினைவைக் கூட்டும் என்று உறுதிசொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. தூக்கத்துக்கு உண்டு. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும்பங்கு இருக்கிறது. தேர்வுக்கு முந்தின இரவு விழித்திருக்காதீர்கள்.