கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரிசை ஏன் இவ்வளவு நீளம்? சென்னை விமானத்துக்கும் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டுமா?

போங்கள், அது ஒன்றும் கூடுதல் இல்லை. அங்கே இருப்பது ஒரு வரிசை அல்ல. வாசலிலேயே பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட வேண்டும். அப்புறம் செக்-இன், குடியகல்வு, கடைசியில் கேட் பக்கம் இன்னொரு சோதனை. அந்தக் கடைசி வரிசையைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

முனையம் கட்டப்பட்டது ஆண்டுக்கு 60 லட்சம் பேருக்கு. 2018இலேயே அதைவிட மிகக் கூடுதலானோர் வந்துபோனார்கள். இரண்டாம் முனைய வேலை 2022 பொருளாதார நெருக்கடியில் நின்றுபோனது.

சோதனை ஊழியர்கள் குறைந்தால் வரிசை ஏன் உடனே தேங்குகிறது? எக்ஸ்ரே திரையைப் பார்ப்பவருக்குக் கண் களைத்துவிடும். ஐரோப்பிய விதிப்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடம்தான் பார்க்கலாம். ஆக, ஒரு இயந்திரத்துக்கே மாறி மாறி உட்காரப் பயிற்சி பெற்ற பலர் தேவை. நேற்று வேலைக்கு வந்தவரை அங்கே உட்கார வைக்க முடியாது. ஆள் இல்லையா, இயந்திரம் சும்மா கிடக்கும்.

நள்ளிரவு, விடியற்காலை விமானம் என்றால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள். அம்மா கட்டித் தந்த ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிலீட்டரைத் தாண்டினால் பிடுங்கிவிடுவார்கள், பின்னால் நிற்பவர்களும் முறைப்பார்கள்.