எடைமேடை நூலகம் பைத்தானில் தவறான எண்ணைத் தருவது ஏன்?

தண்டையார்பேட்டையில் உள்ள லாரி எடைமேடைக்கு உரிய சி மொழி நூலகத்தைப் பைத்தானிலிருந்து சி நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் (ctypes) வழியே அழைத்தால், 12.5 டன்னுக்குப் பதிலாக ஏதோ ஒரு முழு எண் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நூலகத்தின் மீது பழி போட வேண்டாம். தொகுக்கப்பட்ட கோப்பில் ஃபங்ஷனின் பெயர் இருக்குமே தவிர, அது எந்த வகை மதிப்பைத் திருப்பும் என்ற விவரம் இராது; ஆகவே நீங்கள் சொல்லாதவரை சிடைப்ஸ் அதனை 'இன்ட்' (முழு எண்) என்றே கொள்ளும். 64 பிட் இன்டெல் கணினியில் 'டபுள்' (தசம எண்) மதிப்பு, தசம எண்களுக்கான ரிஜிஸ்டரில், அதாவது செயலிக்குள் மதிப்பு வைக்கும் சிற்றிடத்தில், வந்து நிற்க, பைத்தானோ முழு எண்ணுக்கான ரிஜிஸ்டரில் கிடந்த பழைய எச்சத்தை எடுத்து நீட்டுகிறது. ராயபுரத்தில் இறக்கிய சரக்கைக் காசிமேட்டில் தேடுகிற கதைதான்.

அழைப்பதற்கு முன், ஃபங்ஷனின் 'ரெஸ்டைப்' (restype) பண்பில் திருப்பும் வகையை 'சி டபுள்' (c_double) என்றும், 'ஆர்க்டைப்ஸ்' (argtypes) பண்பில் உள்ளீட்டு வகைகளை வரிசையாகவும் குறித்துவிடுங்கள். பாயின்டரை (நினைவக முகவரியை) திருப்பும் ஃபங்ஷன்களில் இதை மறந்தால், 64 பிட் முகவரி 32 பிட்டாக வெட்டுப்பட்டு, பெரும்பாலும் நிரலே விழுந்துவிடும். தவறான எடையில் ரசீது போவதைவிட அது எவ்வளவோ மேல். விண்டோஸில் 32 பிட் டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) மட்டும் தந்திருந்தால், பைத்தானும் 32 பிட்டாகவே இருக்க வேண்டும்.