உடம்பில் யுரேனியம்: எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி: 1991 வளைகுடாப் போரில் சண்டை போட்ட அமெரிக்க வீரர்கள் சிலரின் உடம்பில் இன்னும் யுரேனியத் துண்டுகள் இருக்கின்றனவாமே, அதை ரத்தத்திலா அளக்கிறார்கள்?

பதில்: சிறுநீரில். தங்கள் படையே தவறுதலாகச் சுட்ட யுரேனியக் குண்டுகள் டாங்கியைத் துளைத்தபோது உடம்பில் ஏறிய துண்டுகள் அவை, எல்லாவற்றையும் வெட்டி எடுத்தால் தசைக்குத்தான் சேதம் அதிகம் என்று பலவற்றை மருத்துவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். துண்டு மெல்லக் கரையும், கரைந்தது ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போகும். பால்டிமோரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை 1993 முதல் இவர்களைத் தொடர்ந்து பரிசோதிக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்கிறார்கள். சரி, தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும் யுரேனியம் நம் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்குமே? அதனால்தான் ஐசோடோப்பு விகிதத்தையும், அதாவது யுரேனியத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதையும், பார்க்கிறார்கள்: இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 என்ற வகை சுமார் 0.72 சதவீதம், குண்டில் இருப்பதில் 0.2 சதவீதம் அளவுதான். துண்டு உள்ளே இருப்பவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அளவு கூடுதலாகவே வருகிறது. சிறுநீரகம் பெரிதாகக் கெட்டதாகத் தெரியவில்லை என்பது ஆறுதல், ஆனாலும் அந்தப் பரிசோதனையை அவர்கள் சாகும்வரை நிறுத்தக் கூடாது, அது அரசின் கடன்.